கசடு தள்ளும் யோப்ஸ்ட் மெதுவாக நடந்த நாள்

ரவுஹன்டாலில் யாரையாவது தேடிக்கொண்டு போனால், "வீட்ல இருப்பார் பாருங்க" என்பார்கள், அல்லது "மதுக்கடைல இருப்பார்" என்பார்கள். யோப்ஸ்ட் ராக்கெபிரான்ட்டைத் தேடிப் போனால் மட்டும், "இப்பத்தான் போனான்" என்பார்கள். காலையில் கேட்டாலும் அதே பதில், சாயங்காலம் கேட்டாலும் அதே பதில். அந்த மனிதன் ஓர் இடத்தில் இருந்ததாகவே சரித்திரம் கிடையாது. எங்கேயிருந்தாவது எங்கேயாவது போய்க்கொண்டிருப்பான், அதுவும் ஓட்டமாக.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வேலை அப்படி. எங்கள் ஊர் உலைக்கூடத்தில் கசடு தள்ளுகிறவன் அவன். தாது உருகி, ஈயமும் வெள்ளியும் அடியில் இறங்கியதும், மேலே மிதக்கிற கசடைப் பழுக்கப் பழுக்க இரும்புத் தொட்டியில் பிடிப்பார்கள். அந்தத் தொட்டியை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, ஊர்த் தெரு வழியாகக் கசடு மேட்டுக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். வழியிலேயே இறுகிவிட்டால் தொட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உளி வைத்துக் கொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் ஓடித்தான் ஆகவேண்டும். மேட்டு விளிம்பில் கவிழ்த்த பிறகு திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஈரத்தில் விழுந்த கசடு வெடித்துக் கண்ணில் அடிக்கும். கவிழ்க்க வேண்டும், முதுகைக் காட்ட வேண்டும், நடையைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

போகும்போது "வழி! வழி! வெந்துடும்!" என்று கத்திக்கொண்டே போவான். அந்தச் சத்தம் கேட்டால் ரவுஹன்டாலில் யாரும் யோசிக்க மாட்டார்கள். கால் தானாகவே சுவரோரம் பாய்ந்து முதுகை ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே சுவரோடு ஒண்டப் பழகிவிடும். கோழிகளும் அப்படித்தான். போதகர் ஒருமுறை நடுத்தெருவில் நின்று பொறுமையின் மேன்மையை விளக்கிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் பக்கத்துப் பன்றிக் கொட்டகைக்குள் பாய்ந்துவிட்டார். வெளியே வந்து, மேலங்கியைத் தட்டிவிட்டு, மீதிப் பொறுமையைச் சொல்லி முடித்தார்.

காலி வண்டியோடு திரும்பி வரும்போது அதே யோப்ஸ்ட் வேறு ஆள். அதுதான் அவனுக்கு ஓய்வு. கைப்பிடிகளை லேசாகப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து, இந்த வீட்டு முட்டைக்கோஸ் ஊறுகாய் புளித்துவிட்டதா, அந்த வீட்டுப் பசு கன்று போட்டதா என்று விசாரித்துக்கொண்டு ஆடி அசைந்து வருவான். சக்கரம் கிரீச் கிரீச் என்று இழுத்து இழுத்து முனகும். அந்த முனகல் கேட்கத் தொடங்கினால் சுவரோரம் ஒண்டியவர்கள் மறுபடி தெருவுக்கு வருவார்கள்.

கையில் வண்டி இல்லாத சமயத்தில்தான் வந்தது வினை. கைப்பிடி இல்லாவிட்டால் அவன் கால்களுக்குக் கடிவாளம் இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கே ஓடினான். மணப்பெண் இல்ஸாபெ பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். "அன்னைக்கே எங்கப்பன் வீட்டுப் பக்கமா ஓடியிருக்கணும். எப்படியும் ஓடத்தானே செஞ்சேன்" என்று பிற்பாடு அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். அந்த அப்பன் செத்தபோது சவப்பெட்டி தூக்கியவர்களில் முன்னால் நின்றது நம் யோப்ஸ்ட். மாமனார் வாழ்நாளில் ஒரு காரியத்துக்கும் அவசரப்பட்டவர் அல்ல, பாவம். கல்லறைக்கு மட்டும் ஓட்டமாகப் போய்ச் சேர்ந்தார். அழ வந்த சொந்தக்காரர்களுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது. இல்ஸாபெ அந்த மாதம் முழுக்கப் புருஷனோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், ஆனால் தட்டை வைத்த விதத்தில் எல்லாம் தெரிந்தது.

எங்கள் ஊர்க் கதை ஒன்றும் பெரிய ராஜா கதை இல்லை. எந்தக் காலத்திலோ பன்றியைத் துரத்திக்கொண்டு வந்த ஒருவன், பன்றி கிளறிய இடத்தில் வெள்ளித் தாதுவைப் பார்த்து, பன்றியை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டானாம். அவன் வம்சம் மேலூர், சுரங்கக்காரர்கள். தோண்டியதை உருக்கத் துருத்தி வேண்டும், துருத்தியை இயக்க ஓடைத் தண்ணீர் வேண்டும் என்று ஓடைக்கரையில் குடியேறியவர்கள் கீழூர், உலைக்காரர்கள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. "நாங்க தோண்டலைன்னா நீங்க எதைடா உருக்குவீங்க, உங்க பாட்டன் தாடியையா?" என்று மேலூர் கேட்கும். "நாங்க உருக்கலைன்னா நீங்க கல்லை வெச்சு சூப் காய்ச்சுங்கடா" என்று கீழூர் சொல்லும். புகை மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ஆப்பிள் மரம் காய்க்காது, வெளுத்த துணி வெளுப்பாக இருக்காது, பசு எங்கே கட்டினாலும் இருமும். நன்றாக வளர்ந்தது கசடு மேடு ஒன்றுதான். தேவாலயத்துக்கு அப்பால் நின்றுகொண்டு அது கோபுரத்தையே எட்டிப் பார்க்கும். அதில் பாதியாவது தான் கொட்டியது என்று யோப்ஸ்ட்டுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

குளிர்காலத்தின் கடைசியில், ஈஸ்டர் நோன்பு தொடங்குமுன், சுரங்க நன்றித் திருநாள் வரும். அன்றைக்கு மேலூரிலிருந்து தேவாலயம் வரைக்கும் ஊர்வலம். முன்னால் கொடி, அப்புறம் வாத்தியக்காரர்கள், சுரங்கக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் உலைக்காரர்கள். எல்லார் தலையிலும் இறகுக் கொண்டை வைத்த உயரமான கறுப்புத் தொப்பி. ஓர் அடி வைத்து, ஒரு கணம் நின்று, அடுத்த அடி. அப்படியொரு கம்பீரமான மெதுநடை. துருத்தி பார்க்கிறவனுக்குக்கூட அதில் இடம் உண்டு. கசடு தள்ளுகிறவனுக்கு மட்டும் கிடையாது. திருநாளானாலும் உலை எரியும், எரிந்தால் கசடு வரும், வந்தால் தள்ள ஆள் வேண்டுமே. அப்படி வருஷா வருஷம், ஊரே கொண்டை வைத்துக்கொண்டு நடக்கும்போது யோப்ஸ்ட் பின் சந்து வழியாகக் கசடைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

வாலிபத்தில் ஒரே ஒரு வருஷம், உலை பழுதானபோது, அவனைச் சேர்த்தார்கள். கொடுமை! ஊர்வலம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உலைக்காரர்களைத் தாண்டினான், சுரங்கக்காரர்களைத் தாண்டினான், டிராம்போன் ஊதியவன் முழங்கையில் இடித்து ஒரு ஊளைச் சத்தம் வரவழைத்தான், கடைசியில் கொடியையும் தாண்டிப் போய்விட்டான். "கன்னுக்குட்டியைக் கட்டி வைங்கடா!" என்று மேலூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அவன் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றோடு தொப்பி பெட்டிக்குள் போயிற்று.

இந்தக் கதை நடந்த வருஷம் குளிர் எலும்பைக் கடித்தது. ஓடை உறைந்து, நீர்ச்சக்கரம் நின்று, துருத்தி நின்று, உலையே அணைந்துவிட்டது. திருநாளுக்கு முன் ஒரு காலை, வறுத்த உருளைக்கிழங்கும் இரத்தச் சாஸேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்த யோப்ஸ்ட் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் சாப்பாட்டின் நடுவில் கரண்டியை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா, வயித்து வலியா?" என்றாள் இல்ஸாபெ.

"கசடு இல்லை இந்த வருஷம்."

"அதுக்கா அழுவுறே?"

"ஈஸ்டரோட எனக்கு ஓய்வு குடுத்துடுவாங்க. வேலைல இருக்கறவன்தான் ஊர்வலத்துல நடக்கலாம். இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்." தட்டைத் தள்ளி வைத்தான். "ஒரே ஒரு தடவை நடந்துட்டா போதும் இல்ஸாபெ. எல்லாரையும் மாதிரி."

இல்ஸாபெ உடனே எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து தொப்பியை எடுத்தாள். கொண்டையைப் பூச்சி தின்று காம்புதான் மிஞ்சியிருந்தது. வெளியே போனாள். கோழிக்கூண்டிலிருந்து ஒரு பெரிய கூச்சல் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சேவலின் வால் முழுசாக இருந்தது. அந்தச் சேவல் மீதிக் குளிர்காலம் முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டு கூண்டுக்குள்ளேயே பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றது.

உலைக்கூடத் தலைவர் க்வென்ஸெல் நல்ல மனுஷன், ஆனால் பெரிய இடம் என்றால் நடுங்குவார். யோப்ஸ்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது அவர் முகம் வெளுத்தது.

"யோப்ஸ்ட், இந்த வருஷம் யார் வர்றாங்க தெரியுமா? சுரங்க அலுவலகத்துலேருந்து ஃபான் ட்ரெஸ்கெல் ஐயாவே வர்றார். உலைக்கூட வாசல்ல மேடை போட்டு மரியாதை வாங்கிக்கப் போறார். அவர் முன்னாடி நீ கன்னுக்குட்டியாட்டம் ஓடினேன்னு வெய்யி, என் கதை கந்தல்."

"ஓட மாட்டேங்கய்யா."

"சரி, ஞாயித்துக்கிழமை என் முன்னாடி நடந்து காட்டு. மெதுவா நடந்தா பார்க்கலாம்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் யோப்ஸ்ட் நன்றி சொல்லிவிட்டுத் தெருமுனையைத் தாண்டியிருந்தான். க்வென்ஸெல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் கீழூருக்குத் திருவிழா. இல்ஸாபெ புருஷனுக்கு நடை பழக்கினாள். முதலில் இடுப்பில் கயிறு கட்டி மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டாள். ஓடை வரைக்கும் பனியில் அவளைச் சறுக்கி இழுத்துக்கொண்டு போனான், பிள்ளைகள் எல்லாம் எங்களையும் இழுங்கள் என்று வரிசையில் நின்றார்கள். அப்புறம் பூட்ஸில் கல்லைப் போட்டுப் பார்த்தாள், கல்லோடு ஓடினான். தலையில் பால் குவளையை வைத்து, "சிந்துச்சு, ராத்திரிக்குச் சோறு கிடையாது" என்றாள். பால் சிந்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று இன்னும் வேகமாக ஓடினான். பின்னால் வந்த பூனைக்குத்தான் லாபம்.

மேலூரின் சுரங்க மேஸ்திரி கோர்ட் போர்மன் இதைப் பார்ப்பதற்கென்றே இறங்கி வந்தான். வேலியில் சாய்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, "இல்ஸாபெ அக்கா, இவனை நடக்க வைக்கறதைவிட என் ஆட்டை ஆர்கன் வாசிக்க வெச்சுடலாம்" என்றான்.

"உன் ஆடு வாசிச்சா உன் பாட்டைவிட நல்லாத்தான் இருக்கும். போடா மேல, வேலையப் பாரு" என்றாள் இல்ஸாபெ. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் படியில் உட்கார்ந்து தன் கால்களையே திட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததே அபூர்வம், அதுவும் இப்படி உட்கார வேண்டுமா என்று அவளுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை, மனசு சரியில்லாத யோப்ஸ்ட் உலைக்கூடத்துக்குப் போய்த் தன் தள்ளுவண்டியை எடுத்து அச்சுக்குக் கொழுப்புத் தடவினான். தடவிவிட்டு, சும்மா ஒரு சுற்றுத் தள்ளிப் பார்ப்போமே என்று காலி வண்டியோடு தெருவில் வந்தான். அண்டை வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்து ஏதோ கேட்டாள், நின்று பதில் சொன்னான். ஓர் அடி, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஓர் அடி. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த இல்ஸாபெ துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினாள். "நிக்காதே! அப்படியே நட! நட!"

"என்னடி ஆச்சு?"

"உன் பிரேக்கு கைலதான்யா இருக்கு! இவ்வளவு நாளா நான் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கேன்!"

ஞாயிற்றுக்கிழமை க்வென்ஸெல் முன்னால் யோப்ஸ்ட் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான். நடை அற்புதமாக இருந்தது. போதகரால்கூட அவ்வளவு மெதுவாக நடக்க முடியாது. ஆனால் க்வென்ஸெல் மூக்கைச் சுளித்தார். "ஊர்வலத்துல தள்ளுவண்டியா? யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஏங்கய்யா, போர்மன் கோடாலி எடுத்துட்டு வர்றான்ல? உலைக்காரங்க கம்பி எடுத்துட்டு வர்றாங்கல்ல? துருத்திக்காரன் கைத்துருத்தியைத் தூக்கிட்டு வந்து போன வருஷம் போதகர் மேலங்கிக்குள்ள காத்தடிச்சானே, அது மட்டும் மரியாதையா?" என்றாள் இல்ஸாபெ. "அவனவன் கருவி அவனவன் கைல. என் புருஷன் கருவி இது."

க்வென்ஸெல் கடைசியில் வண்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், தேவதாரு இலை கட்டி அலங்கரிக்க வேண்டும், ஊர்வலத்தின் வாலில், யார் கண்ணிலும் படாமல் வரவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். "அதுல ஒண்ணும் வெக்கக்கூடாது, காலியாவே இருக்கணும்" என்று இல்ஸாபெயும் சொன்னாள். "ஆமாமா, ஒண்ணும் வெக்க மாட்டோம்" என்று க்வென்ஸெல் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை.

திருநாள் வந்தது. தெரு முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. கொடி போயிற்று, வாத்தியம் போயிற்று, மேலூர் போயிற்று, கீழூர் போயிற்று. எல்லார் வாலிலும், கழுவிப் பளபளத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, தலையில் சேவல் வால் ஆட, யோப்ஸ்ட் வந்தான். ஓர் அடி, ஒரு நிறுத்தம். மூச்சுக்கூட அளந்து விட்டான். தெருவோரம் நின்ற இல்ஸாபெ உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டினாள். அவள் பக்கத்தில் நின்றவர்களும் காரணம் தெரியாமலே சேர்ந்து ஆட்டினார்கள்.

உலைக்கூட வாசல் மேடையில் ஃபான் ட்ரெஸ்கெல் நின்றார். மனுஷன் நல்ல கனம். கனத்துக்கு மேல் பதக்கங்கள். எல்லாருக்கும் மரியாதை வாங்கி முடித்து, யோப்ஸ்ட்டின் வண்டிக்கும் தொப்பியைத் தொட்டுவிட்டு, தானும் தேவாலயத்துக்குப் போவதற்காகப் படியில் இறங்கினார். புது பூட்ஸ், பழைய பனிக்கட்டி. இரண்டு காலும் இரண்டு ஊருக்குப் போயின. பெரியவர் தொப்பென்று உட்கார்ந்தார், சரியாக யோப்ஸ்ட்டின் வண்டிக்கு முன்னால்.

"ஐயோ ஐயா!" என்று க்வென்ஸெல் பதறினார். அதிகாரி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார், நடக்க முடியாது போலிருந்தது. தேவாலயம் தெருக் கோடியில். க்வென்ஸெல் அப்படியும் இப்படியும் பார்த்தார். எதிரே தேவதாரு இலை கட்டிய, மணமகள் வண்டி மாதிரி ஒரு வண்டி நின்றது. பயந்த மனுஷனுக்கு மூளை எங்கே வேலை செய்யும்! "தூக்குங்கடா ஐயாவை! இதுல உக்கார வைங்க!"

தெருவுக்கு அந்தப் பக்கம் இல்ஸாபெ இரண்டு கையையும் ஆட்டினாள். "ஏத்தாதீங்க! அதுல ஏத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வாத்தியச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதிகாரி வண்டியில் உட்கார்ந்தார்.

யோப்ஸ்ட்டின் உள்ளங்கையில் பாரம் இறங்கியது. நல்ல, நிறைந்த, பழக்கமான பாரம். அவன் மனசு வேண்டாம் வேண்டாம் என்று அலறியது என்று பிற்பாடு சத்தியம் செய்து சொன்னான். நம்புகிறேன். ஆனால் கால் மனசைக் கேட்டா இத்தனை வருஷம் ஓடியது? கைப்பிடி உயர்ந்தது. சக்கரம் உருண்டது. வாய் தானாகத் திறந்தது.

"வழி! வழி! வெந்துடும்!"

முன்னால் போய்க்கொண்டிருந்த ஊர்வலத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அத்தனை கொண்டைகளும் அந்தக் கணமே இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டிக்கொண்டன. துருத்திக்காரன் ஒட்டினான், உலைக்காரர்கள் ஒட்டினார்கள், கோர்ட் போர்மன் கோடாலியோடு ஒரு பெண்ணின் ஜன்னலுக்குள் பாதி நுழைந்துவிட்டான். டிராம்போன் மடங்கியது. கொடிக்காரன் கொடியையும் சுவரில் சாய்த்து அதன்மேல் தானும் சாய்ந்தான். தேவாலய வாசலில் கை விரித்து வரவேற்கக் காத்திருந்த போதகர் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். நடுவில் "நிறுத்து! அடேய், நிறுத்து!" என்று ஒரு குரல் பறந்து போயிற்று. கசடு பேசுவதை அதுவரை யாரும் கேட்டதில்லை என்றாலும், சுவரை விட்டு யாரும் அசையவில்லை.

யோப்ஸ்ட் மேட்டு விளிம்புக்குப் போனான். கவிழ்த்தான். முதுகைக் காட்டினான். பின்னால் ஏதோ உருளுகிற சத்தம், பதக்கங்கள் கிணுகிணுக்கிற சத்தம், அப்புறம் பனிக்குள் பொத்தென்ற சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பது சட்டம் ஆயிற்றே.

கை லேசாயிற்று. கால் அடங்கியது. கிரீச் கிரீச் என்று காலி வண்டி தெருவுக்குத் திரும்பியது. அப்போதுதான் யோப்ஸ்ட் நிமிர்ந்து பார்த்தான். தெருவின் இரண்டு பக்கமும் கொண்டை வைத்த தொப்பிகள், மேலூரும் கீழூருமாக, சுவரோடு சுவராக நேராக நின்றன. நடுத்தெரு முழுக்கக் காலியாக இருந்தது, அவனுக்கே அவனுக்காக. எல்லாரும் தன்னைப் பார்ப்பதற்கு ஏன் இப்படி வரிசையாக நிற்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, தொப்பியைக் கொஞ்சம் நிமிர்த்தித் தலையைத் தூக்கினான். ஓர் அடி, ஒரு நிறுத்தம். என்ன செய்வதென்று தெரியாத வாத்தியக்காரர்கள், பயத்தில், விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். டிராம்போன் மட்டும் மடங்கியபடியே வாசித்தது.

அவனுக்குப் பின்னால், மேட்டிலிருந்து இறங்கி, தலையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் சாம்பலும் பனியுமாக, நொண்டிக்கொண்டு ஃபான் ட்ரெஸ்கெல் வந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி நடந்தால் அவர் பின்னால் வரிசையாகப் போகவேண்டும். சுவரிலிருந்து ஒவ்வொருவராகப் பிரிந்து, ஒன்றும் பேசாமல், அவர் பின்னால் சேர்ந்தார்கள். கொடி, சுரங்கம், உலை, துருத்தி, எல்லாரும். தேவாலயம் இருப்பதோ பின்னால். போதகர் கதவைத் திறந்து பார்த்தபோது ஊர்வலத்தின் முதுகுதான் தெரிந்தது. "அங்க எங்கய்யா போறீங்க? கர்த்தர் இங்கதான் இருக்கார்!" என்று கத்திக்கொண்டே அவரும் கடைசியில் வந்து சேர்ந்தார்.

யோப்ஸ்ட்டுக்கு எதுவும் தெரியாது. ஆறிய உலையின் முன்னால், எப்போதும் நிறுத்துகிற இடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பினான். எதிரே ஒரு கறுப்பு முகம், அந்த முகத்தில் இரண்டு வெள்ளைக் கண், மார்பில் பதக்கம்.  தான் எதைக் கவிழ்த்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். தொப்பியைக் கழற்றக்கூடக் கை வரவில்லை.

"யார் இவன்?" என்றார் அதிகாரி. வாயிலிருந்து சாம்பல் வந்தது.

"கசடு... கசடு தள்ளுறவன், ஐயா. ஈஸ்டரோட ஓய்வு, ஐயா. இன்னைக்கே வேணும்னாலும்..." என்று க்வென்ஸெல் உளறினார்.

"ஓய்வைப் பத்தி நான் கேட்கலை. வரிசையை விட்டுச் சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டவங்கள்லாம் யாரு? உன் ஆளுங்கதானே?" அதிகாரி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஜன்னல் சட்டம் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த கோர்ட் போர்மன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னைக் காப்பாத்த ஒருத்தன் வந்தானா? இவ்வளவு பேர்ல அவனவன் வேலையை ஒழுங்கா செஞ்சது யாரு? இவன் ஒருத்தன். ஏத்துனாங்க, கொண்டு போனான், கொட்டினான், திரும்பி வந்தான். நடையைப் பார்த்தியா? தலைநகர்லகூட இப்படி ஒரு நடை கிடையாது."

 அதிகாரி காதில் இருந்த பனியைத் தட்டினார்.

"தேவாலயத்துக்குத் திரும்புங்க. நீ முன்னாடி போ."

"நானா?" என்றான் யோப்ஸ்ட். "கொடிக்கு முன்னாடியா? ஐயா, நான் வாலுங்கய்யா."

"இங்க பாரு," என்று அதிகாரி குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார், "அந்த வண்டிக்கு முன்னாடி நடக்க இனி என்னால முடியாது. நீ எனக்கு முன்னாடியே இரு, என் கண்ணுக்குத் தெரியற மாதிரி. இது உத்தரவு."

அப்படித்தான் ரவுஹன்டாலில் பன்றி மண்ணைக் கிளறிய நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்தது. கசடு தள்ளுகிறவன் முன்னால், அவன் பின்னால் கொடி, வாத்தியம், மேலூர், கீழூர், அதிகாரி எல்லாரும். யாரும் அவனைத் தாண்டவில்லை. அவன் ஓர் அடி வைத்தால்தான் மேலூர் ஓர் அடி வைத்தது. அவன் நின்றால் மேலூரும் நின்றது.

பாதித் தெருவில் யோப்ஸ்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குளிரில் கண்ணீர் கன்னத்தில் வழிய, மூக்கும் சேர்ந்து ஒழுகியது. துடைக்க வழியில்லை. கையை எடுத்தால் கால் ஓடிவிடும். கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீசையெல்லாம் ஈரமாக, நேரே பார்த்து நடந்தான்.

இல்ஸாபெ கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசை, மரியாதை, அதிகாரி ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. புருஷன் பக்கத்தில் அவன் நடைக்கு நடை வந்து, இடுப்பில் கட்டியிருந்த முன்துணியைத் தூக்கி அவன் மூக்கில் வைத்தாள்.

"சிந்துய்யா," என்றாள்.  "நல்லா சிந்து. நீ கையை மட்டும் எடுத்துடாதே, நான் துடைக்கிறேன்."